டிராகன், முத்தம், முள்ளோடை

எனக்கு ஐம்பது நெருங்குகிறது. நான் விரும்பிப் படிப்பதெல்லாம் இருபது வயதுப் பெண்கள் டிராகன் மேல் ஏறிச் சண்டைக்குப் போகிற கதைகள், தேவதைகளின் அரண்மனையில் ஒரு மனிதப்பெண் சூழ்ச்சி செய்கிற கதைகள், கண்டாலே ஆகாது என்று தொடங்கின இரண்டு பேர் முந்நூறு பக்கம் தாண்டி ஒருவர் கையை ஒருவர் பிடிக்கிற கதைகள்.

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வேலைக்குப் போய்வருகிறேன். மஞ்சக்குப்பத்தில் ஏறி ஜன்னல் சீட்டு கிடைத்துவிட்டால் கிண்டிலைத் திறந்துவிடுவேன். ரெட்டிச்சாவடி தாண்டினால் முள்ளோடை, அங்கே மாநில எல்லை. அந்த நிறுத்தத்தில் இறங்குகிற கூட்டம் புதுச்சேரி மதுக்கடைக்குத்தான் இறங்குகிறது என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு அது, எனக்கு இது. ஆனால் ‘இதனால் என்ன பயன்’ என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. என்னைத்தான் கேட்கிறார்கள்.

கேட்பதிலும் இரண்டு வகை. அலுவலகத்தில் நேராகவே கேட்டுவிடுவார்கள்: “ஏன் மேடம், இதெல்லாம் காலேஜ் பொண்ணுங்க படிக்கிறதாச்சே?” அதில் எனக்கு வருத்தமே இல்லை. காலேஜ் பெண்ணிடமிருந்து வாங்கித்தான் படிக்கிறேன். தீவிரமாக வாசிக்கிற நண்பர்கள் இருக்கிறார்களே, அவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். “நடுநடுவே கொஞ்சம் இளைப்பாற வேண்டியதுதான்” என்று எனக்காகப் பெருந்தன்மையோடு ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொடுப்பார்கள். இளைப்பாறத் தூக்கம் இருக்கிறது. நான் இவற்றைப் படிப்பது கண் கொட்டாமல் விழித்திருக்க.

அக்கா மகள் புதுச்சேரியில் கல்லூரியில் படிக்கிறாள். வார நாட்களில் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். ‘ஃபோர்த் விங்’ என்ற தடித்த புத்தகத்தை என் மடியில் போட்டு, “சித்தி, நூறு பக்கம் படிச்சுப் பாரு, புடிக்கலன்னா குடுத்துடு” என்றவள் அவள்தான். ரெபெக்கா யாரோஸ் எழுதி 2023-ல் வெளிவந்த நாவல் அது. அந்த வரிசையின் மூன்றாவது புத்தகம் 2025 ஜனவரியில் வந்தபோது முதல் வாரத்திலேயே 27 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு நூறு பக்கம் தேவைப்படவில்லை. ஒரு ஜோடி பூட்ஸ் போதுமாக இருந்தது.

கதை இதுதான். வயலட் என்ற பெண்ணுக்குச் சுவடிக்கூடத்தில் எழுத்தராகக் காலம் தள்ள ஆசை. அவள் அம்மா படைத்தளபதி. மகள் டிராகன் படையில்தான் சேர வேண்டும் என்று தள்ளிவிடுகிறாள். அந்தப் படைப்பிரிவுக்குள் போக வேண்டுமென்றால் முதலில் கைப்பிடிச் சுவர் இல்லாத ஒரு ஒடுக்கமான கல்பாலத்தைத் தாண்ட வேண்டும். தவறினால் எலும்புகூட மிஞ்சாது. மழை வேறு. பாலத்துக்கு ஏறுகிற படிகளில் வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் இருக்கிற பெண்ணின் பூட்ஸ் வயலட்டின் கண்ணில் படுகிறது. அடிப்பாகம் வழவழவென்று இருக்கிறது. தன்னுடையதில் நல்ல ரப்பர் பிடிப்பு. சட்டென்று ஒரு காலைக் கழற்றி அவளிடம் கொடுத்து, அவளுடைய ஒரு காலை வாங்கி மாட்டிக்கொள்கிறாள். இப்போது இருவருக்கும் ஒரு கால் பிடிக்கும், ஒரு கால் வழுக்கும்.

இந்தப் பெண் நல்லவள், கெட்டிக்காரி, தன் உயிரைப் பாதி பணயம் வைக்கக்கூடியவள், ஆனால் முழுசாகத் தூக்கிக் கொடுத்துவிடுகிற அசடு இல்லை. இத்தனையும் ஒரு பூட்ஸில் வந்துவிட்டது. பாலத்தில் நடக்கும்போது பயத்தை அடக்க அவள் தன் நாட்டின் பூகோளத்தையும் சரித்திரத்தையும் தனக்குத்தானே ஒப்பித்துக்கொண்டே போகிறாள். எத்தனை ராஜ்ஜியம், எதற்குச் சண்டை, யார் யாருக்கு எதிரி என்று வாசகருக்குச் சொல்லவேண்டிய பாடம் முழுவதும் அந்த ஒப்பித்தலில் முடிந்துபோகிறது. வேறு எழுத்தாளராக இருந்தால் முன்னுரை எழுதி, வரைபடம் போட்டு, ஒரு கிழவரைக் கொண்டுவந்து திண்ணையில் உட்காரவைத்துச் சொல்லவைத்திருப்பார். இவர் கால் நடுங்குகிற நேரத்தில் சொல்லவைக்கிறார். கால் எங்கே வழுக்குமோ என்று நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாடம் மண்டையில் ஏறிவிடுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. வயலட்டின் மூட்டுகள் லேசில் நழுவிவிடும், எலும்பு லேசில் முறியும். யாரோஸுக்கே எலர்ஸ்-டான்லோஸ் என்கிற இணைப்புத்திசுக் கோளாறு உண்டு. தன் உடம்பு படுகிற பாட்டைத்தான் நாயகிக்குக் கொடுத்திருக்கிறார். நான் எதிர்பார்த்தது என்னவென்றால், நடுவில் ஏதாவது மந்திரம் வந்து அதைச் சரிசெய்துவிடும் என்று. வரவில்லை. டிராகன் முதுகில் உட்கார முடியாமல் அவள் விழுந்துகொண்டே இருக்க, கடைசியில் அவளுக்கென்று ஒரு சேணம் செய்யப்படுகிறது. மற்றவர்கள் சேணமில்லாமல் ஏறுகிறார்கள், இவள் சேணத்தோடு ஏறுகிறாள், அவ்வளவுதான். முழங்காலுக்குப் பட்டை போட்டுக்கொண்டு அலுவலக மாடிப்படி ஏறுகிற எனக்கு அந்தச் சேணத்தைப் படித்தபோது தொண்டை அடைத்தது. டிராகனுக்காக அழுத முதல் ஆள் எங்கள் வீட்டில் நான்தான்.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லமாட்டேன். அடுத்த பாகம் ‘அயர்ன் ஃப்ளேம்’ அதே வருடம் நவம்பரில் வந்துவிட்டது, அந்த அவசரம் தெரிகிறது. பந்திக்கு ஆள் கூடியதும் சாம்பாரில் தண்ணீர் ஊற்றின கதைதான். காதலனும் காதலியும் ‘என்னிடம் ஏன் மறைத்தாய்’ என்று ஒரே சண்டையை வெவ்வேறு அறைகளில் போடுகிறார்கள். பிறகு, டிராகனும் மந்திரக்காப்பும் இருக்கிற ஒரு உலகத்தில் பிள்ளைகள் இன்றைய அமெரிக்கக் கல்லூரி விடுதிப் பேச்சைப் பேசுவது எனக்குக் காதில் உறுத்துகிறது. “உனக்குச் சாண்டில்யன் பேச்சு வேணும், சித்தி” என்கிறாள் அக்கா மகள். வேண்டும்தான்.

ஆனாலும் எனக்குப் பிடித்த பெண் யார் என்று கேட்டால் வயலட் இல்லை, ஜூட். ஹோலி பிளாக் எழுதிய ‘தி குரூவல் பிரின்ஸ்’ 2018-ல் வந்தது. ஜூட்டுக்கு ஏழு வயதாக இருக்கும்போது அவள் பெற்றோரைக் கொன்றவனே அவளையும் அக்கா தங்கையையும் தூக்கிக்கொண்டுபோய்த் தேவதைகளின் நாட்டில் வளர்க்கிறான். தேவதை என்றால் நம் ஊர்ப் பாட்டி சொல்கிற வெள்ளைப்புடவைத் தேவதை இல்லை. அழகும் வன்மமும் சரிபாதியாகக் கலந்த ஒரு கூட்டம். வளர்த்தவன் பாசமாகத்தான் வளர்க்கிறான். வாள் பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறான். அவனை வெறுக்கவும் முடியாமல் அப்பா என்று கூப்பிடவும் முடியாமல் அவள் படுகிற பாடுதான் எனக்கு அந்தப் புத்தகத்தின் உயிர். காதல் அப்புறம்தான்.

அந்த உலகத்தின் விதி ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. தேவதைகளால் பொய் சொல்ல முடியாது. மனிதர்களால் முடியும். வலு கிடையாது, மந்திரம் கிடையாது, ஆயுசும் கொஞ்சம்; ஆனால் ஜூட்டால் பொய் சொல்ல முடியும். நாயகியின் ஆயுதம் பொய்! பொய் சொல்லாத ஒருவனுக்காக விடிய விடிய அழுத ஊர் இது. அரிச்சந்திரன் மயானத்தில் நிற்கிற கட்டத்தில் கண்ணைத் துடைக்காத பாட்டி எங்கள் தெருவில் இருந்ததில்லை. அப்படி வளர்ந்தவளுக்கு, பொய் சொல்லத் தெரிந்ததாலேயே பிழைக்கிற பெண்ணைப் படிக்கும்போது ஒரு குறுகுறுப்பு. அதற்காக அந்தத் தேவதைகள் யோக்கியர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பொய் சொல்லாமலேயே ஏமாற்றுவார்கள். வார்த்தையைத் திருப்பிப் போடுவார்கள், பாதியை விழுங்கிக்கொள்வார்கள். குருக்ஷேத்திரத்தில் தருமர் ‘அசுவத்தாமன் செத்தான்’ என்று உரக்கச் சொல்லிவிட்டு ‘யானை’ என்பதை முணுமுணுத்தாரே, அந்த வித்தைதான். ஒரு ராஜ்ஜியம் முழுக்கத் தருமர்கள். யார் பேச்சையும் முழுசாகக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது. அரண்மனைக் காட்சிகளை நான் மெதுவாக, சில இடங்களை இரண்டு தடவை படித்தேன். பொழுதுபோக்குக் கதையை யாரும் அப்படிப் படிப்பதில்லை என்கிறார்கள்.

ஜூட் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் சாப்பிட்டு உடம்பைப் பழக்கிக்கொள்வாள். வயலட்டும் சண்டைக்கு முன்னால் எதிராளியின் சாப்பாட்டில் எதையாவது கலந்துவைப்பவள்தான். நம்முடைய பழைய கதைகளின் விஷகன்னியை ராஜாக்கள் தயார்செய்து அனுப்புவார்கள், அவள் வெறும் கருவி. இவர்கள் விஷத்தைத் தாங்களே எடுத்துக்கொண்டவர்கள்.

புனைவில் ஒரு ஊரை உருவாக்குவது பற்றி நிறையப் பேசுகிறார்கள். அதில் எனக்கு ஒரு சொந்தக் கட்சி உண்டு. கடலூர், புதுச்சேரி பக்கத்தில் வளர்ந்தவளுக்குக் கற்பனை ஊர் என்று எதுவும் பெரிதாகத் தெரியாது. எங்கள் ஊரில் குண்டு உப்பலவாடி என்று ஒரு கிராமம் இருக்கிறது, குண்டு சாலை என்று ஒரு சாலை இருக்கிறது. 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டையோடு சேர்ந்து எவ்வளவு நிலம் என்று ஒரு கேள்வி. பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு தூரம் என்று பேச்சு. சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த ஊர்களெல்லாம் கம்பெனிக்குச் சொந்தமாயின. யார் வீட்டுக் கூரை, யார் வயல், யாரைக் கேட்டு? இதை ஒரு நாவலில் எழுதினால் ‘நம்பும்படி இல்லை’ என்று எழுதியவரைத் திட்டுவோம்.

லீ பார்டுகோவின் ‘சிக்ஸ் ஆஃப் குரோஸ்’ 2015-ல் வந்தது. அதில் வரும் கெட்டர்டாம் துறைமுகம் பழைய ஆம்ஸ்டர்டாமை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. வியாபாரிகள்தான் அங்கே ராஜா, ஒப்பந்தம்தான் சாமி. காசுக்கு எதையும் வாங்கலாம், மனிதர் உட்பட. புதுச்சேரியின் நேர்நேரான வீதிகளைப் பார்த்து எல்லாரும் பிரெஞ்சுக்காரர்களைப் புகழ்கிறோம். அந்தக் கட்டம்போட்ட வரைபடத்தைத் தொடங்கிவைத்தவர்கள் 1693 முதல் 1699 வரை ஊரைப் பிடித்துவைத்திருந்த டச்சுக்காரர்கள். கெட்டர்டாமின் சந்துகளில் ஆறு திருட்டுப் பிள்ளைகள் ஓடுவதைப் படிக்கும்போது எனக்கு அது வெளியூராகவே தோன்றவில்லை. என் மனத்தில் அவர்கள் ஓடினது ஈஸ்வரன் கோயில் வீதியிலும் வைசியாள் வீதியிலும்தான்.

அந்த ஆறு பேரில் தலைவன் காஸ். பதினேழு வயது, ஊன்றுகோல், எப்போதும் கையில் தோலுறை. பிறர் தோல் தன்மேல் பட்டாலே அவனுக்குக் குமட்டும். அதற்கு ஒரு பயங்கரமான பழைய காரணம் உண்டு, அதைச் சொல்லிக் கெடுக்கமாட்டேன். அவன் காதலிக்கிற இனேஜ் என்ற பெண்ணுக்கும் தொடுதல் என்றால் அவளுடைய சொந்தக் காரணங்களால் நடுக்கம். தொட்டுக்கொள்ளவே முடியாத இரண்டு பேருக்குக் காதல் கதை எழுதுவது எப்படி? இரண்டாம் பாகத்தில் ஒரு குளியலறைக் காட்சி வருகிறது. இனேஜின் காயத்துக்குக் கட்டு மாற்ற வேண்டும். காஸ் தோலுறையைக் கழற்றுகிறான். கட்டு அவிழ்கிறது, புதுக் கட்டு சுற்றப்படுகிறது. விரல் எங்கே படுகிறது, எப்போது அவனுக்கு மூச்சு திணறுகிறது, எப்போது ‘போதும்’ என்று நிறுத்த வேண்டியிருக்கிறது. இவ்வளவுதான் நடக்கிறது. உதட்டோடு உதடு சேர்கிற முத்தம்கூட இல்லை. இந்த வகைப் புத்தகங்களில் நான் படித்த மிகச் சூடான காட்சி அதுதான். இளையோர் நாவல் என்று ஒதுக்குகிறவர்களுக்கு நான் முதலில் நீட்டுவது இந்த அத்தியாயத்தை.

காதல் கதைகளுக்கு வருகிறேன். ‘முடிவு முன்னாடியே தெரியுமே, அப்புறம் என்ன படிக்கிறது’ என்பதுதான் அவற்றைப் பற்றி எல்லாரும் சொல்கிற குறை. தெரியும்தான். அமெரிக்கக் காதல் நாவலாசிரியர்களின் சங்கம் அதை இலக்கணமாகவே வைத்திருக்கிறது: கதையின் நடுவில் காதல் இருக்க வேண்டும், முடிவு நிறைவாகவும் நம்பிக்கையூட்டுவதாகவும் இருக்க வேண்டும். ஆனால் முடிவு தெரிந்தால் சுவை போய்விடும் என்று எங்கள் பக்கத்தில் நின்று சொல்லக் கொஞ்சம் தைரியம் வேண்டும். கடலூர், விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதியம்மன் திருவிழாவுக்கு ராத்திரி முழுக்கக் கூத்து நடக்கிறது. துச்சாதனன் புடவையை இழுப்பான், கண்ணன் வருவான், சபதம் நடக்கும். தெரியாத குழந்தைகூட அங்கே கிடையாது. பாயை உருட்டிக்கொண்டு போய் இடம் பிடித்து உட்காருகிறார்கள். இந்த வருடம் துச்சாதனன் யார், அவன் அடவு எப்படி, பாஞ்சாலி பாடும்போது எங்கே குரலை நிறுத்துகிறார் என்பதுதான் பேச்சு. கண்ணன் வருவாரா என்று யாரும் பந்தயம் கட்டுவதில்லை.

காதல் நாவல் படிக்கிறவளும் அதைத்தான் பார்க்கிறாள். சேருவார்கள், தெரியும். இந்த இரண்டு பேரை எது தடுக்கிறது, அந்தத் தடை நிஜமானதா, அதை யார் முதலில் விட்டுக்கொடுக்கிறார்கள்? தடை வெறும் தப்பெண்ணமாக இருந்து, ஒரு போன் பேசினால் தீர்ந்துவிடும் என்றால் எனக்குப் பொறுமை போய்விடும்.

அம்மா ராணிமுத்து படித்தவள். ரமணிசந்திரன் நாவல்களை வாடகை நூலகத்திலிருந்து வாங்கிவருவாள். அட்டைக்குப் பழுப்புக் காகிதம் போட்டு, நடுவில் யாராவது ‘அருமை!!’ என்று பேனாவால் எழுதிவைத்த பிரதிகள். அரிசி களையும் நேரத்தில் ஜன்னல் விளிம்பில் விரித்துவைத்துப் படிப்பாள். பணக்காரன், கோபக்காரன், நாயகியைத் தப்பாகவே புரிந்துகொள்வான், கடைசி அத்தியாயத்தில் உருகுவான். அப்பா கிண்டல் செய்வார். அம்மா தலையைத் தூக்காமல், “இவன் கடைசியிலயாவது தப்புன்னு ஒத்துக்கிறான்” என்பாள். அந்தப் பதிலின் கனம் அப்போது எனக்குப் புரியவில்லை. கல்யாணமாகிப் பல வருடம் கழித்துப் புரிந்தது.

இப்போது எழுதுகிறவர்களில் எமிலி ஹென்றி எனக்குப் பிடித்தவர். 2022-ல் வந்த ‘புக் லவ்வர்ஸ்’ நாவலின் நாயகி நோரா நியூயார்க்கில் எழுத்தாளர்களுக்கு முகவராக இருப்பவள். வழக்கமான காதல் கதைகளில் நகரத்தில் வேலையே கதியென்று கிடக்கிற ஒரு பெண் வருவாளே. நாயகன் சின்ன ஊருக்குப் போய் அங்கே ஒரு வெள்ளந்திப் பெண்ணைப் பார்த்துவிட்டு, போனில் ‘நமக்குள் இனி ஒத்துவராது’ என்று கழற்றிவிடுவானே, அந்தப் போனின் மறுமுனையில் இருக்கிறவள் நோரா. அவளுக்கு அது திரும்பத் திரும்ப நடக்கிறது. அந்தப் பெண்ணை நாயகியாக்கி, அவள் மாறாமலேயே அவளுக்கு ஒரு காதலை அமைத்துக்கொடுக்கிறார் ஹென்றி. திமிர் பிடித்த டவுன் பெண் புடவைக்கு மாறித் திருந்துகிற எத்தனை படம் பார்த்திருக்கிறோம். நோரா கடைசிவரை ஹை ஹீல்ஸைக் கழற்றுவதில்லை. அம்மா இருந்திருந்தால் இதைக் கதையாகச் சொல்லிக்காட்டியிருப்பேன்.

இந்த வரிசையில் எனக்கு ஒட்டாததும் உண்டு. சாரா ஜே. மாஸின் தேவதை ராஜ்ஜிய நாவல்களை அக்கா மகளும் அவள் தோழிகளும் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள். முதல் புத்தகம் 2015-ல் வந்தது. நாயகிக்குப் பத்தொன்பது வயது, நாயகர்களுக்கு ஐந்நூறு வயதெல்லாம் ஆகிறது. நாலு வயது வித்தியாசத்துக்கே ஜாதகத்தை மடக்கிவைக்கிற ஊரில் இருந்துகொண்டு இதை எப்படி ஜீரணிப்பது? “அவனைப் பாத்தா ஐந்நூறு மாதிரி தெரியாது சித்தி” என்பது அவள் வாதம். அந்தப் புத்தகத்தை முதலில் இளையோர் அலமாரியில் வைத்து விற்றார்கள், பிறகு பெரியவர்களுக்கானது என்று அட்டையை மாற்றினார்கள். அட்டை அழகாக இருக்கிறதே என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கிக் கொடுக்கிறவர்கள் உள்ளே நாலு பக்கம் புரட்டிவிட்டுக் கொடுப்பது நல்லது. புரட்டாமல் கொடுத்த ஒரு பெரியப்பாவைப் பற்றி எனக்குத் தெரியும். அவர் கொடுத்ததோடு சரி, அந்தப் பிள்ளை அதை மூச்சுவிடாமல் படித்து முடித்துவிட்டு, அப்பாவியாக நன்றி சொல்லியிருக்கிறது.

நடைபாதையில் பாதி விலைக்கு விற்கிற அச்சுப் பிரதிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அக்கா மகளின் தோழி வாங்கின ஒன்றில், டிராகன் யாரைத் தேர்ந்தெடுக்கப்போகிறது என்கிற இடத்தில் முப்பத்திரண்டு பக்கம் காணோம், அதற்குப் பதில் முன்னால் வந்த முப்பத்திரண்டு பக்கம் மறுபடி வந்தது. அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு ஓடிவந்து நின்றுகொண்டே அந்த இடத்தைப் படித்துவிட்டுப் போனாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

சரி, இதிலெல்லாம் நாம் எங்கே இருக்கிறோம்? இந்திய வம்சாவளி எழுத்தாளர் தாஷா சூரியின் ‘தி ஜாஸ்மின் த்ரோன்’ 2021-ல் வந்தது, அடுத்த வருடம் உலக மிகைபுனைவு (ஃபேன்டசி) விருது வாங்கியது. அதைப் படிக்கும்போது எனக்குள் என்னவோ தளர்ந்தது. புடவை கட்டின பெண்கள், மல்லிகை, தலைக்கு எண்ணெய், தெரிந்த சாப்பாட்டு வாசனை. தீயில் இறங்க மறுத்ததற்காக அண்ணனால் பாழடைந்த கோயிலில் சிறைவைக்கப்பட்ட இளவரசி, அவளுக்குப் பணிவிடை செய்யவருகிற பிரியா என்ற வேலைக்காரப் பெண். பிரியாவுக்கு அந்தக் கோயிலோடு ஒரு பழைய உறவு இருக்கிறது. ஊரில் ஒரு நோய். மனிதர் உடம்பில் செடி முளைக்கிறது, தோலுக்கடியில் வேர் ஓடுகிறது. அந்த இரண்டு பெண்களுக்கும் இடையில்தான் காதல். அதிகாரத்துக்காக ஒருத்தி எவ்வளவு தூரம் போகலாம் என்பதை, போகாதே என்று மிரட்டாமல், போ என்று தள்ளியும் விடாமல் எழுதியிருக்கிறார்.

ஆனாலும் அது வடக்குத்திசை வாசனை. எனக்கு இன்னும் கொஞ்சம் தெற்கே வேண்டும். பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டுக்குள் படகு போகிற நீர்ச்சந்துகள் இருக்கின்றன. அரிக்கமேட்டில் ரோமாபுரி மதுச்சாடிகளின் ஓடு மண்ணுக்கடியில் கிடக்கிறது. இவற்றை வைத்துப் பதினாறு வயதுப் பிள்ளை தூக்கம் கெட்டுப் படிக்கிற மாதிரி ஒரு மாயக்கதை தமிழில் ஏன் இல்லை என்று எனக்கு ஆதங்கம். அம்புலிமாமா வயது முடிந்ததும் நாங்கள் நேராகப் பொன்னியின் செல்வனுக்குத் தாவினோம். நடுவில் படி கிடையாது. தாவினவர்கள் தாவினோம், விழுந்தவர்கள் படிப்பதையே விட்டார்கள். இன்று அந்த வயதுப் பிள்ளைகள் ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறார்கள், அங்கே அவர்களுக்கென்று ஒரு அலமாரியே காத்திருக்கிறது.

தமிழில் ஒன்றுமே இல்லையா என்று அக்கா மகள் கேட்டபோது நான் ‘குயில் பாட்டை’ எடுத்துக் கொடுத்தேன். இந்த ஊர் எழுதவைத்த புத்தகம். பாரதி 1908 முதல் பத்து வருடம் புதுச்சேரியில் இருந்தபோது பாடினது. கதை நடக்கிற இடமே ஊருக்கு மேற்கே சற்றுத் தொலைவில் இருக்கிற ஒரு மாந்தோப்பு. பள்ளிக்கூடத்தில் நாலு வரி மனப்பாடப் பகுதியாக வந்துபோனதால் அவளுக்கு அது பரீட்சைப் புத்தகம். நான் கதையை மட்டும் சொன்னேன். ஒரு குயில் மனிதக் குரலில் பேசுகிறது. கவிஞனைக் காதலிப்பதாகச் சொல்லி, நாலாம் நாள் வா என்கிறது. இவனுக்குப் பொறுக்கவில்லை, முன்னாலேயே போய்ப் பார்க்கிறான். அது ஒரு குரங்கிடம் அதே காதலைப் பாடிக்கொண்டிருக்கிறது. அடுத்த தடவை போனால் ஒரு மாட்டிடம். இவன் வாளை எடுத்து வீசுகிறான். பிறகு தெரிகிறது, குயில் போன பிறவியில் சேர நாட்டு மலையில் சின்னக்குயிலி என்ற வேடர் மகள். மாமன் மகன் மாடனுக்கு இரக்கப்பட்டு வாக்குக் கொடுத்திருந்தாள். அப்பா பேசி முடித்தது நெட்டைக்குரங்கனுக்கு. மனசு போனது காட்டுக்கு வேட்டையாட வந்த சேர இளவரசனிடம். வாள் சண்டை, மூன்று சாவு, மறுபிறவி, பேய்கள் செய்த மாயம். கடைசியில் ஒரு முத்தம், குயில் பெண்ணாகிறது. யாரோஸும் மாஸும் சேர்ந்து உட்கார்ந்தாலும் இதைவிட அதிகமாக என்ன சேர்க்கப்போகிறார்கள்?

முத்தத்துக்கு அடுத்த நொடி எல்லாம் மறைந்து கவிஞன் விழித்துக்கொள்கிறான். சுற்றிலும் சுவடிகளும் எழுதுகோலும் பத்திரிகைகளும் பழம்பாயும் கிடக்கின்றன. அதன் பிறகு பாரதி புலவர்களைப் பார்த்து ஒரு சீண்டல் சீண்டுகிறார்: இது கற்பனையேதான், இருந்தாலும் வேதாந்தமாக விரித்துப் பொருள் சொல்ல எங்காவது இடமிருந்தால் சொல்லுங்களேன் என்று. அவர் சிரித்துக்கொண்டே கேட்டதாகத்தான் எனக்குப் படுகிறது. சிலர் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டு குயில் ஜீவாத்மா, கவிஞன் பரமாத்மா என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டார்கள். ஒரு குயில் குரங்கைப் பார்த்து உன் வாலின் அழகே அழகு என்று புகழ்கிற இடத்தில் வயிறு வலிக்கச் சிரிக்காமல், இதில் தத்துவம் எங்கே என்று தேட எப்படி மனம் வருகிறதோ.

அக்கா மகள் ஒரே ராத்திரியில் படித்துவிட்டாள். காலையில் அரியாங்குப்பம் பாலம் தாண்டும்வரை பேருந்தில் அதே பேச்சு. அவளுக்கு இளவரசன் பிடிக்கவில்லை. “வந்தான், பாத்தான், செத்தான். அவனுக்கு என்ன கேரக்டர் இருக்கு?” மாடன்மேல்தான் அவளுக்குப் பரிதாபம். குயிலி இரக்கப்பட்டு வாக்குக் கொடுத்தது பெரிய தப்பு என்கிறாள். நான் குயிலிக்காகப் பேசினேன்; அப்பா ஒரு பக்கம், மாமன் மகன் ஒரு பக்கம், அவள் என்னதான் செய்வாள் என்றேன். அதற்கு அவள், “அதான் சித்தி, அவ கதையை அவளே முதல்லேருந்து சொல்லணும். குயிலி ஒரு அத்தியாயம், மாடன் ஒரு அத்தியாயம். மூணு பாகம் வரும்” என்றாள். மூன்றாம் பாகத்தில் மாடு யார் என்பதில் எங்களுக்கு இன்னும் உடன்பாடு வரவில்லை.